வாடகையா, பங்கா, சொந்தமா? ஓய்வுக்காலத்தில் இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு படகு

இங்கிலாந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் தம்பதிகள் பலருக்கு நேரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகின் மேல் ஆசை வருவதுண்டு. ஏழடிக்குச் சற்றுக் குறைவான அகலம், முப்பதடியிலிருந்து எழுபதடி வரை நீளம், உள்ளே சமையலறை, படுக்கை, குளியலறை, கரி அடுப்பு. பின்பக்கம் நின்றுகொண்டு சுக்கானைப் பிடித்து ஓட்ட வேண்டும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது அதையும் குறைத்துவிட வேண்டும். இருநூறு வருடத்துக்கு முன் நிலக்கரியும் பீங்கானும் போன வழியில் இன்று தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு வயல்களையும் பழைய ஆலைகளையும் பார்த்தபடி போகலாம். ஆசை நியாயமானதுதான். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: வாரக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது, பலரோடு சேர்ந்து ஒரு படகில் பங்கு வாங்குவது, சொந்தப் படகு வாங்கி ஒரு மரீனாவில், அதாவது படகுகள் கட்டும் துறையில், நிரந்தர இடம் பிடிப்பது, படகிலேயே குடியேறி ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பது.

இதைப் பெரும்பாலும் பணக் கணக்காகத்தான் பேசுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது இரண்டாவது கணக்கு என்பேன். முதலில் கேட்க வேண்டியது இது: நடுவழியில் இருவரில் ஒருவருக்கு முடியாமல் போனால், மற்றவர் படகை என்ன செய்வார்? முழங்கால் வீங்கலாம், முதுகு பிடித்துக்கொள்ளலாம், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கலாம். இந்த ஒரு கேள்வியை நான்கு வழிகளிடமும் கேட்டுப் பார்த்தால், எது நமக்கு ஏற்றது என்பது ஓரளவு தானாகவே தெரிந்துவிடும்.

லாக்கில் என்ன நடக்கிறது

கால்வாய்ப் பயணத்தில் உடம்பு படும் பாடெல்லாம் லாக்கில்தான். மேட்டு நிலத்துக்கும் தாழ்வான நிலத்துக்கும் நடுவே இரு முனையிலும் கதவு வைத்துக் கட்டிய ஒரு கல் தொட்டி அது. படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்குவார்கள். பெரும்பாலான கால்வாய்களில் இதற்கென்று ஆள் கிடையாது. நாமேதான் செய்ய வேண்டும்.

இறங்கும் பக்கம் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படகை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறார். இன்னொருவர் கரையில் நின்று மேல் கதவைச் சாத்துகிறார். கதவைத் திறந்து மூடுவது ஒரு நீண்ட மரக் கை. அதில் இடுப்பையும் முதுகையும் சாய்த்து, தரையில் வரிசையாகப் பதித்திருக்கும் செங்கல் விளிம்புகளில் குதிகாலை ஊன்றி, பின்னோக்கித் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் கதவு அசையாது. சாய்ந்து பொறுத்திருந்தால் மெல்ல நகரும். அப்புறம் கீழ்க் கதவுக்கு நடந்து போய், விண்ட்லஸ் என்கிற எல் வடிவ இரும்புக் கைப்பிடியை அச்சில் மாட்டிச் சுற்ற வேண்டும். பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏற, உள்ளே மதகுப் பலகை உயர்ந்து தண்ணீர் வடியத் தொடங்கும். மழை நாளில் அந்தக் கல் பாசியில் வழுக்கும். விண்ட்லஸை அச்சிலேயே விட்டுவிட்டு நகர்ந்தால், பல் நழுவும்போது அது சுழன்று கையையோ முகத்தையோ அடித்துவிடும். பாதி திறந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டிக் கால் வைக்கவே கூடாது.

சுக்கானில் நிற்பவருக்கும் வேலை இருக்கிறது. மேல் கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல் படி நீட்டிக்கொண்டிருக்கும். அது எதுவரை வருகிறது என்பதை லாக் சுவரில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வடிய வடியப் பின்பக்கம் படியில் மாட்டிக்கொண்டு தொங்க, முன்பக்கம் மட்டும் கீழே போகும். சில நிமிடத்தில் படகு மூழ்கக்கூடிய ஆபத்து அது. "நிறுத்து!" என்று கத்தியவுடன் மதகை இறக்க, கரையில் இருப்பவர் அச்சுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இத்தனையும் சொல்வது பயமுறுத்த அல்ல. எழுபது வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இதை மகிழ்ச்சியாகச் செய்கிறார்கள். ஆனால் கால்வாய்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று எனக்கு உறுத்தல். கணவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மனைவி மழையில் லாக்குக்கு லாக் நடந்து கதவைத் தள்ளுவார். வருடக்கணக்கில் அப்படியே பழகிவிடும். உடம்பில் தெம்பு அதிகம் உள்ளவர்தான் கரையில் நிற்க வேண்டும், யாராக இருந்தாலும். அதைவிட முக்கியம், இருவருக்குமே இரண்டு வேலையும் தெரிந்திருப்பது.

வாடகை

முதல் வழி வாடகை. தனியார் படகு ஓட்ட இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை. வாடகைக் கம்பெனியில் ஒரு மணி நேரம் போலச் சொல்லிக்கொடுத்து, சில இடங்களில் முதல் லாக் வரை கூடவே வந்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை சீசன். ஒரு வாரத்துக்குக் கோடையில் சிறிய படகுக்கே ஆயிரம் பவுண்டைத் தாண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் இன்னும் ஏறும். ஓய்வு பெற்றவர்களின் பெரிய அனுகூலமே இங்குதான்: பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மே மாதமும் செப்டம்பரும் அவர்களுக்கே எழுதிவைத்த மாதங்கள். வாடகையும் குறைவு, லாக்கில் வரிசையும் குறைவு, பகல் வெளிச்சமும் போதுமான அளவு இருக்கும்.

நம் கேள்விக்கு வாடகை தரும் பதில் நல்ல பதில். ஒருவருக்கு முடியாமல் போனால் படகைக் கரையில் கட்டிவிட்டுக் கம்பெனிக்கு போன் செய்யலாம். மிஞ்சிப்போனால் சில நாள் வாடகை போகும். எஞ்சின் நின்றாலும் அவர்கள் ஆள் அனுப்புவார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் பெற்றோருக்கும் இது ஒன்றுதான் வழி. பல கம்பெனிகள் குறைந்தது இரண்டு பெரியவர்களாவது படகில் இருக்க வேண்டும் என்பார்கள். அது நல்ல விதி.

குறை என்னவென்றால், வாடகை எடுத்தவர் அவசரப்படுவார். கொடுத்த பணத்துக்குப் பெரிய சுற்று ஒன்றை முடித்துவிட வேண்டும் என்று தோன்றும். படகோட்டிகளிடம் ஒரு எளிய கணக்கு உண்டு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வரும். ஃபோர் கவுன்டீஸ் ரிங் என்ற புகழ்பெற்ற சுற்று 110 மைல், 94 லாக். கணக்குப் போட்டால் 68 மணி நேரம். ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் தினமும் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும். முப்பது வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து செய்வார்கள். ஓய்வு பெற்ற இருவருக்கு அது மூன்று வாரப் பயணம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் வரும் வழியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

பங்கு

ஒரு படகைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாங்கி, வாரங்களைப் பிரித்துக்கொள்வது இரண்டாவது வழி. பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு நாலு வாரம் போலக் கிடைக்கும். பங்கின் விலை சில ஆயிரம் பவுண்டு, அதோடு வருடாந்தரச் செலவில் ஒரு பாகம். படகு நல்ல நிலையில் இருக்கும், வேலை பகிரப்படும். ஆனாலும் இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். குறிப்பிட்ட வாரம் என்று தேதி முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது; உடம்பு அந்தத் தேதிக்கு ஒத்துழைக்காவிட்டால் அந்த வருடப் பயணம் போச்சு. விலக நினைத்தால் பங்கை வாங்க ஆள் தேட வேண்டும். இன்னும் வேலையில் இருந்துகொண்டு வருடாந்தர விடுப்பை முன்பே திட்டமிடுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

சொந்தப் படகு, நிரந்தர இடம்

இரண்டு மூன்று வாடகைப் பயணங்களுக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சொந்தப் படகைப் பற்றி யோசிக்கலாம். புதிதாகக் கட்டச் சொன்னால் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிவிடும். பழைய படகுகள் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். அதற்கு மேல் வருடா வருடம் வரும் செலவுகள்தான் கவனிக்க வேண்டியவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 2,000 மைல் நீர்வழியைக் கவனிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, 2012-ல் அரசு அமைப்பிடமிருந்து பொறுப்பேற்றது. அதனிடம் படகு லைசென்ஸ் வாங்க வேண்டும்; நீளத்தைப் பொறுத்துக் கட்டணம், நடுத்தரப் படகுக்கு ஆயிரம் பவுண்டைச் சுற்றியும் அதற்கு மேலும் வரும். லைசென்ஸ் கிடைக்க காப்பீடும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். மரீனா இடத்துக்கு வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண்டு; லண்டன் பக்கம் போனால் எட்டாத விலை, நடு இங்கிலாந்தான மிட்லண்ட்ஸில் தாங்கக்கூடியது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்துக்குத் தார் பூச வேண்டும். இது தவிர பேட்டரி, எஞ்சின் சர்வீஸ், டீசல்.

பணத்தை மட்டும் பார்த்தால், வருடத்துக்கு நாலைந்து வாரம் போகிறவர்களுக்கு வாடகையே லாபம். சொந்தப் படகு நியாயமாகத் தெரிவது, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மாதக்கணக்கில் தண்ணீரில் இருக்க விரும்புகிறவர்களுக்கு. அவர்களுக்கு இது அருமையான வாழ்க்கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று மழையா, நகரவே வேண்டாம். பிடித்த ஊரா, நாலு நாள் இருக்கலாம். படகை வழியில் கட்டிவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போய், டாக்டரைப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு நின்றுவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பொதுவாக 14 நாள் வரை ஒரே இடத்தில் கட்டலாம், பலகையில் அதற்குக் குறைவாகப் போட்டிருக்கும் இடங்களைத் தவிர.

நடிகர் தம்பதி டிமோதி வெஸ்ட், புரூனெல்லா ஸ்கேல்ஸ் 2014-லிருந்து தொலைக்காட்சியில் செய்த கால்வாய்ப் பயணங்கள் இந்த ஆசையைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோயின. ஸ்கேல்ஸுக்கு அப்போதே மறதி நோய் வந்திருந்தது. அதை மறைக்காமல், எண்பது வயதை ஒட்டிய இருவரும் மெதுவாகப் பயணம் செய்ததை மக்கள் பார்த்தார்கள். அவர்கள் பல பத்தாண்டுகள் கால்வாயில் பழகியவர்கள், லண்டனில் வீட்டை வைத்துக்கொண்டே போனவர்கள் என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும். நம் கேள்விக்கு இந்த வழியின் பதிலும் அதில்தான் இருக்கிறது. திரும்பிப் போக வீடு இருக்கிறது, படகை விட்டுவைக்க ஒரு இடமும் இருக்கிறது. எனக்கு இதுவே சிறந்த வழியாகப் படுகிறது.

படகிலேயே குடியிருப்பது

வீட்டை விற்றுவிட்டுப் படகில் ஏறிவிடுகிறோம் என்பவர்களை நிறுத்திவைத்துப் பேச வேண்டும் என்று தோன்றும். நிரந்தர இடம் இல்லாத படகு, 1995-ம் வருடச் சட்டப்படி, எந்த இடத்திலும் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. உண்மையிலேயே பயணத்தில் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட படகுகளுக்கு லைசென்ஸ் கட்டணத்தில் கூடுதல் தொகையும் சேர்ந்துவிட்டது. அது வருடத்துக்கு வருடம் ஏறும்படி வைத்திருக்கிறார்கள். நோய்வாய்ப்பட்டால் டிரஸ்டிடம் சொல்லி அதிக நாள் நிற்க அனுமதி கேட்கலாம், நியாயமான காரணத்துக்குக் கொடுக்கிறார்கள். நிலையான முகவரி இல்லாமலே ஜிபி என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளவும் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் வழி உண்டு. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டியவர், ஆஸ்பத்திரி ஒரு கவுன்டியிலும் படகு இன்னொரு கவுன்டியிலுமாக அலைவது சாதாரணக் களைப்பல்ல.

குளிர்காலம் தனிக் கதை. நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக்குகளையும் பாலங்களையும் பழுதுபார்ப்பார்கள், அதனால் வழிகள் அங்கங்கே அடைபடும். கால்வாய் உறைந்தால் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். கரி மூட்டை 20 கிலோ, 25 கிலோ என்று வரும்; அதைக் கரையிலிருந்து படகுக்குத் தூக்க வேண்டும். 13 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்த்தால் அதன் இரண்டு மடங்கு. கழிவறை கேசட் வகை என்றால் அந்தப் பெட்டி இரண்டு மூன்று நாளில் நிரம்பும். இருபது லிட்டர் கனத்தோடு அதை இழுத்துப் போய் அதற்கான தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். இருவரும் திடமாக இருக்கும் வரை இவை வெறும் வேலைகள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரின் முதுகில் அத்தனையும் ஏறும், அதே நேரத்தில் 14 நாளுக்குள் நகரவும் வேண்டும். வீடு இருந்தால் வீட்டுக்குப் போகலாம். விற்றுவிட்டால் போக இடமில்லை. இந்த வாழ்க்கையைத்தான் வாழ்வேன் என்று உறுதியாக இருப்பவர்கள், வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு குளிர்காலத்தைக் கழித்துப் பார்க்கட்டும்.

எந்தப் படகு

நீளத்தில் பேராசை வேண்டாம். வடக்கில் சில கால்வாய்களின் லாக்குகள் குட்டையானவை, எழுபதடிப் படகு உள்ளே நுழையாது. அதனால்தான் 57 அடியை எங்கும் போகக்கூடிய நீளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருவருக்கு 45 அடியிலிருந்து 50 அடி தாராளம் என்பது என் கருத்து. திருப்புவது எளிது, கட்டணமும் குறைவு. தேவைப்பட்டால் ஒருவரே ஓட்டிக் கரை சேர்க்கலாம். பின்தளம் குரூஸர் வகையாக, அகலமாக, திறந்ததாக இருக்கட்டும். ஓட்டுபவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் நாற்காலி போட்டு உட்காரலாம். பழைய பாணியில் பின்தளம் குறுகலாக இருந்தால் ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே என்று நாள் முழுக்கப் பிரிந்தே இருப்பார்கள்.

படகின் இரும்புத் தகடு எவ்வளவு தடிமன் என்பதை 10, 6, 4 என்று எண்ணாகச் சொல்வார்கள்: அடித்தட்டு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கூரை 4. பழைய படகு வாங்கும்போது நீங்களே அமர்த்திய சர்வேயர் அல்ட்ராசவுண்ட் வைத்து எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்லும் வரை ஒரு பென்னி கொடுக்க வேண்டாம். உள்ளே பூவேலைத் திரைச்சீலையும் பித்தளைப் பளபளப்பும் கண்ணைப் பறிக்கும். மூழ்குவதும் மிதப்பதும் அடித்தட்டைப் பொறுத்தது. கழிவறையைப் பொறுத்தவரை, பெட்டியைத் தூக்கிச் சுமக்க முடியாதவர்கள் பம்ப்-அவுட் தொட்டியே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை உறிஞ்சி எடுக்கவும் காசு, ஆனால் முதுகு பிழைக்கும்.

முதலில் எந்தக் கால்வாய்

எல்லோரும் முதலில் கேட்பது லாங்காலன் கால்வாய். காரணம் பான்ட்கசுல்தே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸப்பும் 1805-ல் முடித்த அந்த இரும்புத் தொட்டிப் பாலத்தில், டீ நதிக்கு 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் தூரம் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பி வேலி உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது, தொட்டியின் விளிம்பு தாண்டினால் வெறும் காற்று. 2009-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஷ்ராப்ஷயரிலிருந்து வேல்ஸுக்குள் போகும் வழியே அழகு. முழுக் கால்வாயில் 21 லாக் இருந்தாலும், விட்சர்ச் பக்கம் படகு எடுத்தால் லாங்காலன் ஊர் வரை இரண்டே லாக். ஆனால் கூட்டம் மிக அதிகம். போகும்போது எதிர்நீரோட்டம், கடைசிப் பகுதி ஒரு படகு மட்டுமே போகும் அளவுக்குக் குறுகல். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அந்தப் பாலத்தில் சுக்கான் வேண்டாம்.

பாத், பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் என்று ஊர்களுக்காகப் போகிறவர்கள் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயைக் கேட்பார்கள். ஊர்கள் அற்புதம். லாக்குகள் அகலமானவை, கதவுகள் கனமானவை. டிவைஸஸில் உள்ள கேன் ஹில்லில் இரண்டு மைலுக்குள் 29 லாக்குகள். அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் மலையேறும். இருவர் மட்டும் போனால் அங்கே போகாமல் பிராட்ஃபர்டுக்கும் பாத்துக்கும் நடுவே உள்ள சமதளத்திலேயே ஒரு வாரத்தைச் செலவிடலாம்.

என் தேர்வு இவை இரண்டும் அல்ல. லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் எல்லையில் இருக்கும் ஆஷ்பி கால்வாய். மார்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ஸ்னேர்ஸ்டன் வரை 22 மைல், ஒரு லாக் கூடக் கிடையாது. வளைந்து வளைந்து வயல்களுக்கு நடுவே போகும். 1485-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு மாண்ட பாஸ்வர்த் போர்க்களம் சட்டன் செய்னி கரையிலிருந்து நடக்கும் தூரம். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் படகைக் கட்ட இடம் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதோடு இணைந்த கவென்ட்ரி கால்வாயில் ஆதர்ஸ்டன் வரையும், வடக்கு ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் ரக்பியை ஒட்டிய ஹில்மார்ட்டன் வரையும் சேர்த்தால், ஐம்பது மைலுக்கு மேல் சமதளம். நடுவில் ஹாக்ஸ்பரியில் வரும் ஒரே லாக்கிலும் தண்ணீர் ஏறி இறங்குவது ஓரடி போலத்தான். லாக் வேலையைப் பழகிப் பார்க்க அதைவிட மென்மையான லாக் எங்கும் கிடைக்காது. ஒருவர் படுத்துக்கொண்டாலும் மற்றவர் ஒற்றை ஆளாகப் படகைத் திருப்பிக் கொண்டுவரலாம். சொந்தப் படகு வாங்குகிறவர்களும் மரீனா இடத்தை இந்தச் சமதளத்தை ஒட்டிப் பார்க்கட்டும். பின்னால் லாக் வேலை முடியாமல் போகும் வயதிலும் படகு பயன்படும்.

வாடகைக்கு புக் செய்யும்போது செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களைக் கேளுங்கள், படகு ஐம்பதடிக்குள் இருக்கட்டும். சாவி வாங்கும் நாளில் சொல்லிக்கொடுக்க வருபவரிடம் இருவருக்கும் தனித்தனியாக ஓட்டக் காட்டும்படி கேளுங்கள். சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். முதல் அரை மணி நேரம் கை குழம்பும், பிறகு பழகிவிடும். எஞ்சினை நிறுத்துவது, கயிற்றைக் கட்டுவது, அதற்குக் கரையில் ஆணி அடிப்பது, விண்ட்லஸ் சுற்றுவது எல்லாவற்றையும் இருவரும் ஒருமுறை செய்து பார்த்த பிறகு கயிற்றை அவிழ்க்கலாம்.